புல்லா, கல்லா, மர நிழலா? திருகோணமலை வளவுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

வீடு கட்டி முடித்து மதிலும் எழுப்பிய பிறகு மிஞ்சுவது ஒரு வெறும் வளவும் கொஞ்சக் காசும்தான். அப்போதுதான் கேள்வி வரும்: "முன்னுக்குப் புல் போடுவமா, இன்டர்லொக் கல் பதிப்பமா, இல்லாட்டி மரத்தை வச்சு அப்படியே விடுவமா?" உப்புவெளி, பாலையூற்று, கிண்ணியா என்று பல பக்கத்திலிருந்தும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஒருவருக்குக் குழாய்த் தண்ணீர், இன்னொருவருக்குக் கடலோரக் கிணறு, மற்றவருக்கு அலவாங்கு இறங்காத பாறை. ஆகவே எதை வைத்து முடிவெடுப்பது என்று முதலில் சொல்கிறேன். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முடிவெடுக்க முன் பார்க்க வேண்டியவை

மழை வரும் மாதங்கள். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. கேட்கும்போது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மே மாதமளவில் கச்சான் தொடங்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று தன்னிடமிருந்த மழையை மலைநாட்டிலேயே விட்டுவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் காய்கிறதென்றால், அதே வேகத்தில் இலையும் மண்ணும் காய்கின்றன. வளவைத் திட்டமிடும்போது டிசம்பரை நினைக்க வேண்டாம், ஜூன் மாதத்தை நினையுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது. நகரப் பக்கம் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அதற்கு அலகுக் கணக்கு. ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். பாவனை கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். கிணற்றுத் தண்ணீருக்குப் பில் வராது என்பதால் அது சும்மா கிடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அது பெரிய பிழை. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர், கனம் குறைவு என்பதால், கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பொதுக் கணக்கு. இதை மறுபக்கமாகப் பாருங்கள்: மோட்டர் போட்டு மேலே ஓரடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பாகிப்போன கிணறுகளை விடாமல் இறைத்து, உப்பை இன்னும் மேலே இழுத்துக்கொண்ட இடங்கள் கிழக்குக் கரையில் இருந்தன.

மண். கடலோர மணல் ஊற்றிய தண்ணீரை உடனே குடித்துக் கீழே விட்டுவிடும். உவர்மலை போன்ற மேட்டுப் பக்கங்களில் மண் மெல்லிசு, கீழே பாறை, மழை சரிந்து ஓடிவிடும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் மண் கனதி, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரே கன்றுக்கு இந்த மூன்று மண்ணிலும் மூன்று விதமான பராமரிப்பு வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள். மாரி மழை உங்கள் வளவுக்குள் இறங்குகிறதா, ரோட்டுக்கு ஓடுகிறதா? அடுத்தது, தினமும் வளவில் யார் நிற்கப்போகிறீர்கள்? வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் அழகாக அமைத்த வளவை, முழங்கால் நோவோடு தனியே பார்க்கும் அம்மாமார் இங்கே நிறையப் பேர்.

## புல் தரை

படத்தில் மிக அழகாகத் தெரிவது இதுதான். கணக்கில் மிக மோசமானதும் இதுதான்.

கச்சான் நாளில் பச்சையாக நிற்கும் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு லீற்றர். நான்கு பேர்ச் புல் என்றால் ஏறத்தாழ 100 சதுர மீற்றர். அப்போது நாளுக்கு 500 லீற்றர், மாதத்துக்கு 15,000 லீற்றர். அதாவது 15 அலகு. ஒரு நடுத்தரக் குடும்பம் குளித்து, சமைத்து, துவைத்துச் செலவழிப்பதற்கு ஏறக்குறையச் சமமான தண்ணீரைப் புல் மட்டும் குடிக்கும். அதுவும் மேல் அலகு விலையில்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. தம்பி ஒரு ஜனவரியில் முன்பக்கம் முழுவதும் மலேசியன் புல் போட்டான். மார்ச் வரை பார்ப்பவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். வைகாசியில் காலை முக்கால் மணித்தியாலம், மாலை முக்கால் மணித்தியாலம் என்று மோட்டர் ஓடியது. ஆனி மாதம் ஒரு நாள் அம்மா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, கோப்பையை அப்படியே கீழே வைத்தா. கரித்தது. அந்தக் கிழமையே செவ்வரத்தை இலைகளின் ஓரம் நெருப்பில் வாட்டியதுபோல் கபிலமாகச் சுருளத் தொடங்கியது. மோட்டரை நிறுத்தினோம், புல் பத்து நாளில் வைக்கோலானது. கிணறு பழையபடி ஆனது கார்த்திகை மழைக்குப் பிறகுதான். அந்த நான்கு மாதமும் குடிக்கிற தண்ணீரைக் கானில் வாங்கினோம். புல்லுக்குக் கொடுத்த காசைவிட அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தது எனக்கு இன்றும் மனதில் நிற்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள் வேறும் உண்டு: வெட்டும் கூலி, பசளை, கோடையில் செத்த இடங்களுக்கு மீண்டும் புல் வாங்குவது.

எப்போது புல் சரி? தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு பேர்ச் அளவு போடலாம். அதையும் மலேசியன் புல்லாகப் போடாமல் நம்மூர் அறுகாகப் போடுங்கள். அறுகு கச்சானில் காய்ந்து பழுப்பாகும், ஆனால் வேர் சாகாது. முதல் மழைக்கு மறுபடி தளிர்க்கும், கொஞ்சம் உவரையும் தாங்கும். மூன்று மாதம் பழுப்பாக நிற்பதைப் பார்க்கப் பொறுமை இருந்தால் அறுகுக்கு ஹோஸ் பிடிக்கவே தேவையில்லை.

## இன்டர்லொக் கல், சல்லி

தண்ணீரே வேண்டாம், ஒருமுறை செலவழித்தால் முடிந்தது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். முதல் பாதி உண்மை.

ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு வெறுங்காலோடு அந்தக் கல்லில் நின்று பாருங்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கல் இரவு எட்டு, ஒன்பது மணிவரை விடும். அந்தச் சூடு யன்னலால் வீட்டுக்குள் வரும், மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் சுற்றும். சூடு தணியட்டும் என்று பின்னேரம் கல்லுக்கு ஹோஸ் பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட கல்லுக்கே தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

மாரியில் வரும் நட்டம் இதைவிடப் பெரிது. நவம்பர் மாதத்தில் மட்டும் இங்கே 350 மில்லிமீற்றரளவு மழை பெய்யும். 100 சதுர மீற்றரைக் கொங்கிறீற் படுக்கையோடு கல்லால் மூடினால், ஒரே மாதத்தில் 35,000 லீற்றர் தண்ணீர் உங்கள் கிணற்றுக்குப் போகாமல் கேற்றால் வெளியே ஓடும். கடலோரக் கிணற்றில் உப்பைக் கீழே அமுக்கி வைத்திருப்பதே அந்த மழைத் தண்ணீர்தான்.

சல்லிக்கல் பரப்புவது மலிவு, மழையும் இறங்கும். ஆனால் கீழே பொலித்தீன் விரித்தால் இறங்காது, விரிக்காவிட்டால் இரண்டாம் வருடம் புல்பூண்டு முளைக்கும். இளங்கன்றைச் சுற்றிச் சல்லி போடவே கூடாது. கன்று வேரோடு அவியும்.

எப்போது கல் சரி? வாகனம் நிற்கும் இடம், கேற்றிலிருந்து வாசல்வரை நடைபாதை, சக்கர நாற்காலி உருள வேண்டிய வீடு, நிலாவெளிப் பக்கம் விருந்தினருக்கு அறை கொடுப்பவர்களின் முன்பக்கம். இவற்றுக்குக் கல்தான் வசதி. கொங்கிறீற் போடாமல் மணல் படுக்கையில் இடைவெளி விட்டுப் பதியுங்கள், அல்லது நடுவில் ஓட்டையுள்ள கல்லை வாங்குங்கள். சரிவை ரோட்டுப் பக்கம் கொடுக்காமல் மரத்தடிப் பக்கம் கொடுக்கச் சொல்லி மேசனுக்கு முதலே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வழக்கமாகக் கேற்றைப் பார்த்துத்தான் சரிவு வைப்பார்கள்.

## மணல் முற்றமும் மர நிழலும்

இதுதான் என் தெரிவு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மம்மா வீட்டு முற்றம் வெறும் மணல். விடியற்காலையில் ஈர்க்குமாற்றால் கூட்டினால் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடு விழும், அதன்மேல் முதல் காலடி வைக்கவே மனம் வராது. வேம்பு இரண்டு, கிணற்றடியில் வாழை, வேலியோரம் ஆடாதோடை, குசினிக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும். அந்த முற்றத்துக்கு யாரும் ஹோஸ் பிடித்ததில்லை. கச்சான் நாளில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்க, அம்மம்மா வேம்பின் கீழ் பாயைப் போட்டுப் புளி உடைத்துக்கொண்டிருப்பா.

தண்ணீர்க் கணக்கும் இந்த முறைக்குச் சார்பானதுதான். ஆறு மரக்கன்றுகள் வைக்கிறீர்கள், முதலாவது கச்சானில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுவிட்ட ஒரு நாள் 10 லீற்றர் ஊற்றுகிறீர்கள் என்றால் மாதத்துக்கு 900 லீற்றர். ஓர் அலகுகூட இல்லை. இரண்டாவது கச்சானில் அதில் பாதி. வேர் இறங்கிய பிறகு வேம்பு, பூவரசு, நாவல், விளா, புளி ஆகியவை தாங்களே பார்த்துக்கொள்ளும். மாதுளை, தேசி, அன்னமுன்னா, கொய்யா காய்க்கும் காலத்தில் கொஞ்சம் கேட்கும். தென்னை மட்டும் வேறு ரகம். அது வறட்சியில் சாகாது, ஆனால் தண்ணீர் காணாவிட்டால் குரும்பையைக் கொட்டிவிடும். கடற்காற்று நேரே அடிக்கும் வளவென்றால் முன்வரிசையில் பூவரசையும் தென்னையையும் வைத்து, மற்றதை அவற்றின் மறைவில் வையுங்கள். கடற்கரைக்கு மிக அருகில் மணல் பறந்தால் அடம்பன் கொடியைப் பிடுங்காமல் விடுங்கள். மண்ணைக் கட்டிப் பிடிக்க அதைவிட நல்ல கொடி இல்லை.

எல்லாம் நடும் காலத்தில்தான் தங்கியிருக்கிறது. நம்மவர்கள் பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் முன்னால்தான் வளவைத் திருத்துவார்கள். அது தலைகீழான காலம். சித்திரையில் வைத்த கன்று, வேர் விடமுன்னே கச்சானில் மாட்டிக்கொள்ளும். ஐப்பசி முதல் மழைக்கு வைத்தால் மூன்று மாத மழையும் நான்கு மாத இதமான வெயிலும் கிடைக்கும். இதை மட்டும் மாற்றினாலே பாதித் தண்ணீர் மிச்சம்.

மணல் நிலத்தில் குழியை மூன்றடிக்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளை மல்லாத்தி, குழிவு மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள். கிண்ணம்போல் தண்ணீரைப் பிடிக்கும். மேலே எருவும் மண்ணும். நட்ட பிறகு நிலத்தின் மேல் வைக்கும் மட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், ஈரம் ஆவியாகாமல் மூடும். தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், கறையான் ஏறும். உவர்மலை மாதிரிச் சரிவான இடத்தில் கன்றின் கீழ்ப்பக்கமாக, அரைநிலா வடிவில் கல் அடுக்கினால் போதும், ஓடுகிற மழை அங்கே நின்று இறங்கும்.

இதற்கும் மறைந்திருக்கும் செலவு உண்டு. தினமும் கூட்ட வேண்டும். மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போது இரண்டு முறை. அந்தச் சருகை எரிக்காதீர்கள், மரத்தடியில் போடுங்கள். முருங்கையில் மாரியில் மயிர்க்கொட்டி அடை அடையாக இருக்கும், வாசலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். புயலை மறக்கக் கூடாது. 1964 டிசம்பர்ப் புயல் நம்மூரை எப்படிப் புரட்டியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவியும் நம் மாவட்டத்தின் வடக்குக் கரையில்தான் ஏறியது. ஆகவே வேம்பும் தென்னையும் கூரையிலிருந்து 15 அடியாவது தள்ளி. மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் எந்தப் பெரிய மரமும் வேண்டாம்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்று: மான். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கேற் திறந்திருந்தால் உள்ளே வந்து செவ்வரத்தையை ஒரே இரவில் மொட்டையாக்கிவிடும். அவற்றை விரட்டவும் மனம் வராது. இளங்கன்றுகளுக்கு இரண்டு வருடம் வலைக்கூடு போட வேண்டும். வேலிக்கு ஆடாதோடை நல்லது, ஆடு தொடாது என்று பெயரிலேயே இருக்கிறது.

எப்போது இது சரியில்லை? மூன்று பேர்ச்சுக்கும் குறைந்த முன்பக்கம், கூட்ட ஆளில்லாத வீடு, மேலே மின்கம்பி போகும் வளவு.

## கறித்தோட்டம்

கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஒரு பேர்ச் பாத்திக்குக் கச்சானில் மாதம் 3,500 லீற்றருக்கு மேல் வேண்டும். ஆனால் புல்லைப் போலன்றி இது திருப்பித் தருகிறது. கார்த்திகை மழை ஓய்ந்து தை முதல் சித்திரை வரை தோட்டம் செய்துவிட்டு, கச்சானுக்குப் பாத்தியை மூடாக்குப் போட்டு விட்டுவிடுங்கள். எல்லா மாதமும் எல்லாம் விளைய வேண்டும் என்ற பிடிவாதம்தான் தண்ணீரைத் தின்கிறது.

சொட்டுநீர்க் குழாய் நல்லதுதான், ஹோஸில் போவதில் பாதியளவு போதும். ஆனால் நம்மூர்க் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு ஓட்டைகளை அடைக்கும், வடிகட்டி இல்லாமல் வாங்காதீர்கள். அணிலும் கடிக்கும். ஐந்தாறு கன்றுக்கு மட்டுமென்றால் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடுங்கள். சுவரால் கசிந்து வேருக்குப் போகும்.

குளிக்கிற தண்ணீரைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஆளுக்கு மூன்று வாளி என்றால் நான்கு பேருக்கு நாளுக்கு 180 லீற்றர். அதை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பினால் இரண்டுக்கும் கிணற்றிலிருந்து ஒரு சொட்டும் வேண்டாம். துணி துவைக்கும் பவுடர்த் தண்ணீரில் உப்பு அதிகம், அதைக் கறித்தோட்டத்துக்கு விடாதீர்கள். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பவர்கள் வாயை வலையால் இறுக்கிக் கட்டியே ஆக வேண்டும். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீட்டைக் கலங்க வைத்தது என்பதை நாம் மறக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| | கச்சான் மாதத் தண்ணீர் | மாரி மழை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| புல், 4 பேர்ச் | 15,000 லீற்றர் | இறங்கும் | கிணறு உப்பாவது, மறுபடி புல் |
| கல், 4 பேர்ச் | இல்லை | ரோட்டுக்கு ஓடும் | சூடு, மின்கட்டணம் |
| மணலும் 6 மரமும் | முதல் வருடம் 900 லீற்றர், பிறகு மிகக் குறைவு | முழுதாக இறங்கும் | கூட்டும் வேலை, புயல், மான் |
| கறித்தோட்டம், 1 பேர்ச் | 3,500 லீற்றருக்கு மேல் | இறங்கும் | தினசரி கவனம், வடிகட்டி |

## உங்கள் வளவுக்கு எது?

கடலோரக் கிணறு மட்டும் உள்ளவர்கள் புல்லை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மணல் முற்றம், மரம், குளியல் தண்ணீருக்கு வாழை.

நகரத்தில் பத்துப் பேர்ச்சுக்குள் வீடும் வளவும் என்றால், வாகனத்துக்கும் நடைக்கும் மட்டும் இடைவெளி விட்ட கல். மேற்குப் பக்கம் ஒரு வேம்போ பூவரசோ. பின்னேர வெயில் சுவரில் விழாது. மிச்சத்தை மணலாக விடுங்கள்.

தம்பலகாமம், கந்தளாய் மாதிரிக் கனதியான மண் உள்ளவர்கள் கறித்தோட்டத்தைத் துணிந்து பெரிதாக்கலாம். வாடகை வீடென்றால் மரம் வைத்துவிட்டுப் போவதில் நட்டமொன்றுமில்லை, ஆனால் காசைப் பானைக்கும் பூச்சாடிக்கும் போடுங்கள், கையோடு கொண்டுபோகலாம்.

ஏற்கனவே முழுக்கக் கல் பதித்துவிட்டீர்களா? எல்லாவற்றையும் கிளப்ப வேண்டாம். மேற்குப் பக்கம் நான்கடி சதுரத்தில் இரண்டு இடம் மட்டும் கிளப்பி, புரட்டாசி முடியமுன் குழி வெட்டிப் பொச்சுமட்டை அடுக்கி வையுங்கள். முதல் மழையன்று நனைந்துகொண்டே போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கன்று வைப்பது அதற்கு அடுத்த நாள்.